அறுபதாம் கல்யாணத்தில் பாடிய கொலம்பியாக்காரி

நான் நாலாம் வகுப்போடு படிப்பை விட்டவன். ஹம்பேர்க்கில் கோப்பை கழுவி, பிறகு சமைத்து, கடைசியில் சொந்தமாகக் கல்யாண மண்டபம் போட்டவன். ஐந்நூறு பேர் இருந்து சாப்பிடலாம். பட்டம் பெற்றவர்களெல்லாம் என்னிடம்தான் நாள் கேட்டு நிற்கிறார்கள்.

அந்த மண்டபத்தைத் துடைக்க ஒரு கொலம்பியாக்காரி வந்தாள். தகப்பன் ட்ரம்பெட், தாய் பாட்டு, தமையன் கிட்டார். பத்தொன்பது வயதில் இவள் பாடிய ஒரு பாட்டு அந்த நாட்டு பஸ்களிலெல்லாம் ஓடியதாம். பிறகு ஒரு ஜெர்மன்காரனைக் கட்டி இங்கே வந்தாள். அவன் விட்டுவிட்டுப் போனான். துடைத்துக்கொண்டே பாடுவாள். நல்ல குரல்தான். அதை நான் அவளிடம் சொன்னதில்லை. வேலைக்காரரைப் புகழ்ந்தால் வேலை கெட்டுவிடும்.

என் அறுபதாம் கல்யாணத்துக்கு அவளையே பாடச் சொன்னேன். எங்கள் ஆட்களில் எவன் வீட்டு விழாவில் ஸ்பானியப் பாட்டு நடந்திருக்கிறது? அவள் ஒரு இசைக் கம்பனிக்காரனையும் அழைத்திருந்தாள். கோடை விழாக்களுக்குப் பாட ஆள் தேடுகிறானாம். இவள் சனத்தை எப்படிப் பிடித்து வைக்கிறாள் என்று பார்த்து முடிவு சொல்வானாம். “எனக்கு நாற்பத்திரண்டு வயது. இதை விட்டால் இல்லை” என்றாள்.

அன்று அவளையும் கிட்டாரோடு வந்த அவள் தமையனையும் மேடைக்குக் கீழே நிறுத்தினேன். மேடையில் நானும் மனைவியும். எங்கள் வழக்கப்படி சனம் குடும்பம் குடும்பமாக ஏறி எங்களோடு படம் எடுத்தது. அந்த வரிசை முழுக்க அவளுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றது.

முதல் பாட்டு முடிந்ததும் மேடைக்கு ஓடி வந்தாள். “பதினைந்து நிமிடம் படம் எடுப்பதை நிறுத்துங்கள். கம்பனிக்காரர் வந்துவிட்டார். ஒருவரும் என்னைப் பார்க்கவில்லை.”

மனைவி என் காதில், “இஞ்சேருங்கோ, பாவம். கால்மணித்தியாலம் விடுங்கோவன்” என்றாள்.

“நீர் சும்மா இரும். சனம் என்னைப் பாக்க வந்ததோ, உவளைப் பாக்க வந்ததோ?”

வரிசையில் நின்ற ஒருவன், “அண்ணை, உவ பாடி முடிச்சால்தான் சோறோ?” என்றான். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அவளைப் பார்த்து, “போய்ப் பாடு” என்றேன்.

இரண்டாவது பாட்டின் நடுவில் எங்கள் அறிவிப்பாளர் மைக்கை அவள் கையிலிருந்து வாங்கினார். “கறுப்புக் கார்க்காரர் வாசலை மறிச்சு விட்டிருக்கிறியள். ஒருக்கா எடுத்து விடுங்கோ.” இதைப் பார்த்த கம்பனிக்காரன் எழுந்து போய்விட்டான். அதை அவள் கண்டாள். ஆனாலும் மிச்ச நாலு பாட்டையும் பாடித்தான் முடித்தாள்.

மூன்று கிழமை கழித்து வந்து விழா வீடியோவைக் கேட்டாள். அதை அனுப்பினால் பார்ப்பதாகக் கம்பனிக்காரன் சொல்லியிருக்கிறானாம்.

வீடியோ என்னிடம் வந்திருந்தது. எங்கள் வீடியோக்காரர்கள் மண்டபத்துச் சத்தத்தை எடுத்துவிட்டுச் சினிமாப் பாட்டுப் போடுவார்கள். அவள் பாடும் இடத்திலும் அப்படித்தான். அவள் கண்ணை மூடி வாயைத் திறக்கிறாள். ஒரு ஆண் குரல் தமிழில் காதல் பாடுகிறது. மூலப் பதிவு வீடியோக்காரனிடம் இருந்தது. ஒரு போன் போதும். நான் எடுக்கவில்லை. அவள் பாட்டுக்காரியாகப் போனால் மண்டபத்தை யார் துடைப்பது?

“நன்றாக வந்திருக்கிறாய்” என்று கொடுத்தேன். என் இரண்டு கையையும் பிடித்து நன்றி சொன்னாள்.

திங்கட்கிழமை, மண்டபக் கதவைத் திறக்க அவளிடம் கொடுத்திருந்த திறப்பு என் மேசையில் கிடந்தது. பக்கத்தில் அந்த வீடியோ. இப்போது வேறொருத்தி துடைக்கிறாள். மூலைகளை விட்டுவிடுகிறாள்.