ஐஸ்பெட்டியில் வந்த ஊசி

தலைச்சன் பிள்ளை வயிற்றில் இருந்தபோது செங்கல்பட்டில் இரத்தம் எடுத்துப் பார்த்தார்கள். எனக்கு ஹெபடைட்டிஸ் பி என்றார்கள். ஒரு தலைவலிகூட இல்லாதவளுக்கு வியாதியாம்! எரிச்சலாக வந்தது.

"தட்டு, டம்ளர்ல ஒட்டாதும்மா. ரத்தத்துல பரவும். பிரசவத்துல குழந்தைக்குப் போகலாம். பொறந்த உடனே ஊசி போட்டா பெரும்பாலும் தடுத்துடலாம்" என்றார் டாக்டரம்மா. என் வீட்டுக்காரரையும் பரிசோதித்து, அவருக்குத் தடுப்பூசி போட்டார்.

கோவளத்தில் என் மாமியாருக்கு இதெல்லாம் காதில் ஏறவில்லை. மஞ்சள்காமாலை என்று முடிவு கட்டி, கீழாநெல்லி அரைத்துக் கொடுத்தார். தனித் தட்டு, தனி டம்ளர் வைத்தார். "கொய்ந்தைக்கோசரம்தான்டி" என்றார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. என் வீட்டுக்காரரோ அம்மாவின் கண்ணெதிரிலேயே என் டம்ளரில் மிச்சக் காப்பியைக் குடித்துவிட்டு மீசையைத் துடைப்பார். அந்த மனிதரை எனக்கு அதற்காகவே பிடிக்கும்.

ஒரு நாள் இரவு வலி எடுத்து, செங்கல்பட்டு ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள்; விடிந்ததும் மகள் பிறந்தாள். ஊசி மருந்து செங்கல்பட்டில் கிடைக்கவில்லை. மீன் வியாபாரியான என் வீட்டுக்காரர், மொபெட்டில் தாம்பரம் போய் வாங்கி வந்தார். கடைக்காரர் சில்லென்று வைக்கச் சொன்னாராம். இவர் மீன்பெட்டியில் ஐஸை இடித்துப்போட்டு, உப்பையும் தூவி, அதற்குள் மருந்தைப் புதைத்துவிட்டார்.

நர்ஸ் குப்பியை ஆட்டிப் பார்த்தார். கட்டியாக இருந்தது.

"உறைஞ்சிடுச்சே! இது உதவாதுங்க. ஐஸ் மேல படவே கூடாது. நாளைக்குன்னு விடாதீங்க, சீக்கிரம் வேற வாங்கிட்டு வாங்க."

ஒரு மீனைக்கூடக் கெடவிடாத மனிதர் குப்பியை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். நான் வாய்விட்டு அழுதேன்.

மாமியார்தான் எழுந்தார். "வண்டிய எட்றா. மர்ந்த நான் மடில வெச்சிக்கினு வரேன், நீ தொடாத."

மதியத்துக்குள் வந்துவிட்டார்கள். கடையில் பக்குவமாகக் கட்டிக் கொடுத்த தெர்மாகோல் பெட்டியைக் கொடுக்கும்போதே, "ஒறையல இல்ல? பாத்து சொல்லும்மா" என்றார் மாமியார் நர்ஸிடம். ஊசி ஏறியதும் மகள் வீறிட்டாள். அவளைவிடப் பெரிதாக அழுதது பாட்டிதான். அடுத்தடுத்த தவணைகளுக்கும் அவரே தூக்கிக்கொண்டு முன்னால் நடந்தார்.

ஒரு வயது முடிந்தபின் இரத்தம் எடுத்துப் பார்த்தார்கள். மகளுக்குத் தொற்றவில்லை. எனக்குள் அது அப்படியேதான் இருந்தது. மாமியாருக்கும் அது தெரியும்.

அன்று வீட்டுக்கு வந்து காப்பி போட்டேன். பாதி குடிப்பதற்குள் மகள் அழுதாள். டம்ளரை வைத்துவிட்டுத் தூக்கப் போனேன். திரும்பிப் பார்த்தால், என் தனி டம்ளரை எடுத்து மாமியார் குடித்துக்கொண்டிருந்தார்.

"இன்னாடி," என்றார், "சக்கரயே கம்மியா கீது."