சுத்தமான பின்னணி

லிஃப்ட் பாதியில் நின்றால் மெக்கானிக்கைக் கூப்பிடுவார்கள். அவர் வந்து, உள்ளே மாட்டிக்கொண்டவர்களை இறக்கிவிட்டு, ஸ்பேனரைத் தொடுவதற்கு முன் பிரஷ்ஷைக் கையில் எடுப்பார். கதவு ஓடும் பள்ளத்தில் கிடக்கும் மண், தலைமுடி, பட்டன், மிட்டாய்க் காகிதம் எல்லாம் வெளியே வந்தாக வேண்டும். "பாதி லிஃப்ட் குப்பையாலதான் நிக்குது. சுத்தம் பண்ணாம கை வெச்சா எது கோளாறுன்னே தெரியாது" என்பார். பல நேரம் அவர் சொன்னபடியே, கூட்டித் துடைத்ததும் லிஃப்ட் ஒன்றும் நடக்காததுபோல் ஓடத் தொடங்கும்.

அதே ஆள் ஞாயிற்றுக்கிழமை ஆனால் மண்ணில் குப்புறப் படுத்துக் காட்டுப்பூக்களைப் படம் எடுப்பார். கூட வேலை செய்கிறவர்கள் அதனாலேயே அவருக்குப் பூச்சாண்டி என்று பெயர் வைத்தார்கள். "என்ன பூச்சாண்டி, இந்த வாரம் எந்தக் களைக்குக் கல்யாண ஆல்பம்?" என்று கேட்டுவிட்டு அவர்களே சிரிப்பார்கள். அவரும் சேர்ந்து சிரிப்பார்.

இந்தப் பைத்தியத்தைத் தொடங்கிவைத்தது அவர் மனைவி. ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் நாள் முழுக்க நுண்ணோக்கியில் குனிந்திருக்கும் வேலை. கண்ணுக்கு நல்லது, மாலையில் நடந்துகொண்டே தூரத்தைப் பாருங்கள் என்று மருத்துவர் சொல்லியிருந்தார். நடந்தார், ஆனால் பார்த்ததெல்லாம் தரையைத்தான். நடைபாதை விரிசலில் நிற்கும் ஊதாப் புள்ளி, சாக்கடை ஓரத்து மஞ்சள் பொட்டு, எதுவும் அந்தக் கண்ணிலிருந்து தப்பாது. மனைவி விரலால் காட்டுவார், மெக்கானிக் படம் எடுப்பார். படங்களில் மனைவிக்குப் பெரிய அக்கறை இல்லை. "அதான் பாத்தாச்சுல்ல" என்று அடுத்ததைத் தேடப் போய்விடுவார்.

பேருந்து கடைசியாக நிற்கும் இடத்தில் தண்ணீர் ஏற்றும் பம்ப் அறை ஒன்று இருக்கிறது. அதன் பின்னால் இருக்கும் சரிவில், மழை தொடங்கிய ஒரு மாலையில், புல்லுக்கு நடுவே ஒரு தரை ஆர்க்கிட் கூட்டத்தை மனைவி கண்டுபிடித்தார். விரல் உயரம், வெள்ளை நிறம், தொண்டையில் மட்டும் பச்சை. சுற்றுவட்டாரத்தில் வேறு எங்கும் அவர் அதைப் பார்த்ததில்லை. ஒவ்வொரு மழைக்கும் அது திரும்பி வந்திருக்கிறதா என்று பார்த்துவிட்டு வருவார். பரிசோதனைக் கூடத்தில் யாரிடமும் சொல்லவில்லை. சொன்னது கணவரிடம் மட்டும்.

அந்தப் பூ மெக்கானிக்கின் கேமராவில் சுண்ணாம்புப் பொட்டு மாதிரிதான் விழுந்தது. சின்னதைப் பெரிதாக எடுக்கும் மேக்ரோ லென்ஸ் இல்லாமல் ஆகாது என்று முடிவு செய்தார். சாப்பிடும்போதும் ஃபோனில் லென்ஸ் விமர்சனம்தான்.

"என்னைக் கட்டிக்கும்போதுகூட இவ்வளவு யோசிக்கல நீங்க."

"உன்னைப் பத்தி யாரும் விமர்சனம் எழுதிப் போடலயே."

"போட்டிருந்தா?"

"படிக்காமலே வாங்கியிருப்பேன்" என்றார். மனைவிக்குப் புரையேறியது.

கைமாறிய கேமராக்கள் விற்கும் கடைக்கு இருவரும் போனார்கள். கடைக்காரர் கண்ணாடிப் பெட்டிமேல் இரண்டு லென்ஸ்களை வைத்தார். ஒன்று நீளம், கனம், விலையும் அதிகம். மற்றது குட்டை.

"குட்டையா இருக்கறதுன்னா பூவை மூக்கால இடிக்கிற மாதிரி கிட்டப் போகணும் சார். பின்னாடி இருக்கிற கண்ட கண்டதும் தெரியும். நீளமானதுன்னா தள்ளி நின்னே எடுக்கலாம். பின்னாடி தானா மங்கிடும்."

"கிட்டப் போனா என்ன? பூ எழுந்து ஓடவா போகுது?"

"அவர் சொல்றதையே வாங்குங்களேன்" என்றார் மனைவி.

மெக்கானிக் குட்டையானதைக் கருவிப் பைக்குள் வைத்துப் பார்த்தார். கச்சிதமாக உட்கார்ந்தது. அதையே வாங்கினார்.

மழை வந்தது, பூவும் வந்தது. அந்த ஞாயிறு மனைவிக்குப் பரிசோதனைக் கூடத்தில் வேலை. வாசலில் நின்று சொல்லிவிட்டுப் போனார்: "மேல படுத்து நசுக்கிடாதீங்க. புல்லைத் தொடாதீங்க."

"புல்லைத் தொட நான் என்ன மாடா?"

சரிவில் படுத்துக் கேமராவில் கண்ணை வைத்தார். பூ அழகாக நின்றது. ஆனால் அதன் பின்னால் காய்ந்த புல்தண்டு ஒன்று கீறல்போலக் குறுக்கே ஓடியது. இடது பக்கம் நகர்ந்து பார்த்தார், வேறொன்று தெரிந்தது. முதல் தண்டைப் பிடுங்கினார். பிறகு பக்கத்தில் இருந்ததை. பிறகு ஒரு கொத்தை வேரோடு. முழங்கையை உறுத்திய கற்களைப் பொறுக்கி எறிந்தார், சருகைப் பிரஷ்ஷால் தள்ளினார். கை தன் வேலையைத் தானே பார்த்துக்கொண்டிருந்தது. முடிந்தபோது பூக்களைச் சுற்றித் தரை தட்டுபோல் இருந்தது.

அவர் எடுத்ததிலேயே சிறந்த படம் அதுதான். அன்று மாலை கேமராவை மனைவியிடம் கொடுத்துவிட்டு முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். மனைவி பார்த்தது பூவை அல்ல.

"புல் எங்க?"

"கொஞ்சம் சுத்தம் பண்ணேன்."

"அது குப்பை இல்லீங்க" என்று மட்டும் சொல்லிக் கேமராவை மேசைமேல் வைத்தார்.

மறுநாள் பெருமழை. ஓய்ந்ததும் இருவரும் போய்ப் பார்த்தார்கள். மண்ணைப் பிடித்துவைக்கப் புல் இல்லாததால், மெக்கானிக் படுத்திருந்த இடத்தில் தண்ணீர் வாய்க்கால் வெட்டிக்கொண்டு இறங்கியிருந்தது. பூ இல்லை, அடுத்த மழைக்கு மண்ணுக்குள் காத்திருக்க வேண்டிய கிழங்குகளும் இல்லை. மனைவி கீழே சாலையோரச் சேற்றில் வெகுநேரம் துழாவினார். ஒரு கிழங்கு கிடைத்தது. விரலால் அழுத்தினார், நசுங்கியது.

மெக்கானிக் அதோடு நிறுத்தியிருக்கலாம். புகைப்படக் குழுவின் கண்காட்சிக்கு அந்தப் படத்தை அனுப்பினார். பரிசு கிடைத்தது. கைதட்டலுக்கு நடுவில் ஒருவர் கேட்டார், "பின்னணி எப்படி சார் இவ்வளவு சுத்தமா வந்துச்சு?"

"நல்ல லென்ஸ்" என்றார்.

மனைவி இரண்டாவது வரிசையில் உட்கார்ந்திருந்தார். மறுநாள் மாலை நடக்கப் போகும்போது கணவரைக் கூப்பிடவில்லை. "சண்டை போட்டிருந்தா நானும் பதிலுக்கு ஏதாவது சொல்லியிருப்பேன்" என்கிறார் மெக்கானிக். "நல்ல லென்ஸ்னு சொன்னேன் பாருங்க, அதைத்தான் வாயில போட்டு மென்னுட்டே இருக்கேன்."

அடுத்த மழையில் சரிவு வெறுமையாக இருந்தது. அதற்கடுத்த மழையிலும்.

இந்த மழையில் ஒரு மாலை, மனைவி செருப்பெல்லாம் சேறாக வீடு திரும்பினார்.

"பாத்தேன்."

"எதை?"

"அதேதான். வேற இடத்துல."

மெக்கானிக் நாற்காலியை விட்டு எழுந்தேவிட்டார். "எங்கம்மா?"

"புல்லுக்குள்ள இருக்கு. தேடினாத்தான் தெரியும். நல்லா இருக்கு."

"கேமரா எடுத்துட்டு வரமாட்டேன். சும்மா வந்து பாக்கறேன்."

மனைவி வாசற்படியில் உட்கார்ந்து செருப்பைக் கழற்றினார். யோசிப்பது தெரிந்தது. கோபம் முகத்தில் இல்லை.

"அடுத்த வருஷம் பாக்கலாம்" என்று சொல்லிவிட்டுக் கால் கழுவப் போனார்.

எந்தப் பேருந்தில் போய்வந்தார் என்றுகூட மெக்கானிக் இதுவரை கேட்கவில்லை.