அறைக்கு வெளியே ஒரு சுவிட்ச்

எங்கள் வீட்டில் ஓர் அறைக்கு மட்டும் விளக்கு சுவிட்ச் வெளியே இருக்கிறது. கை தவறி அப்படி அமைந்ததல்ல. எலக்ட்ரீஷியன் "பாத்ரூமுக்குத்தாம்மா இப்படி வைப்பாங்க" என்று தலையைச் சொறிந்துகொண்டு நின்றபோது, என் மனைவி பக்கத்திலேயே நின்று வைக்கச் சொன்னது. அந்த அறையில் இருப்பவன் அவள் தம்பி, என் மச்சான். அவனுக்குக் காது கேட்காது, பேச்சும் வராது. கதவை உடைக்கிற மாதிரி தட்டினாலும் பயனில்லை. சுவிட்சைப் போட்டுப் போட்டு அணைத்தால் எழுந்து வருவான். சாப்பாட்டுக்கும் அதுதான் அழைப்பு, விருந்தாளி வந்தாலும் அதுதான், குழாயில் தண்ணீர் வந்துவிட்டாலும் அதுதான்.

பெண் பார்க்கப் போனபோது மாமனார் என்னைத் தனியாக அழைத்து, "பையனுக்குக் காது கேக்காது மாப்பிள்ளை, ஆனா கற்பூர புத்தி" என்றார். அவனுக்கும் சேர்த்து அவன் அக்காவுக்கு வாய் கொடுக்கப்பட்டிருக்கிறது என்பதை அந்த மனிதர் சாமர்த்தியமாகச் சொல்லாமல் விட்டுவிட்டார். மாமனாரும் மாமியாரும் போன பிறகு அவன் எங்களோடு வந்துவிட்டான். அன்று முதல் வங்கியில் அவனுக்காகப் பேசுவது அவள், டாக்டரிடம் பேசுவது அவள், முடிவெட்டுகிறவரிடம் "காதுகிட்ட பாத்து வெட்டுங்க" என்று பேசுவதும் அவள். தெருவில் எவனோ அவனை ஊமை என்று சொல்லிவிட, அவள் அந்த ஆளை வாங்கிய வாங்கில் அந்த ஆள் இன்றுவரை எங்கள் தெரு வழியாகப் போவதில்லை.

எனக்கும் மச்சானுக்கும் நடுவிலும் அவள்தான் தபால்காரி. ஒருநாள் என் பைக்கை எடுத்துப் போய் பெட்ரோலே இல்லாமல் திருப்பி நிறுத்தியிருந்தான். எனக்கு மூக்குக்கு மேல் கோபம். பத்துப் பதினைந்து வாக்கியம் கத்தித் தீர்த்துவிட்டு, "இத அப்படியே அவன்கிட்ட சொல்லு" என்றேன். அவள் கை லேசாக ஒருமுறை அசைந்தது. அவன் புன்னகையோடு தலையாட்டினான்.

"என்ன சொன்ன?"

"மாமா சாப்பிட்டியான்னு கேக்குறார்னு சொன்னேன்."

அவன் வேலை பல் லேபில். ஒரு பல் கிளினிக்கின் மாடியில், ஒரே நீள அறை. மேசை முழுக்க வெள்ளைப் பிளாஸ்டரில் வார்த்த தாடைகள், மேலும் கீழுமாக, ஊரே வாயைத் திறந்துகொண்டு உட்கார்ந்திருப்பது போல. சின்னச் சுடரில் கத்தியைக் காட்டி, மெழுகைத் தொட்டுத் தொட்டு ஒரு கடைவாய்ப் பல்லின் மேடு பள்ளங்களை அவன் எழுப்புவதைப் பார்த்திருக்கிறேன். மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்க்க வேண்டும். பேசாதவன் செய்து கொடுத்த பல்லை வைத்துக்கொண்டு எத்தனையோ பேர் ஓயாமல் பேசிக்கொண்டிருக்கிறார்கள் என்று நான் கேலி செய்வேன். இதையும் அவள் எப்படி மொழிபெயர்த்தாளோ தெரியாது, அவன் எப்போதும் போலச் சிரித்தான்.

இந்த மச்சான் ஒரு நாள் மாலை லேபிலிருந்து வந்ததும் செல்ஃபோனை எங்கள் முன் நீட்டினான். கடல் கடந்த ஒரு பல்கலைக்கழகத்தில் செயற்கைப் பல் தயாரிப்பில் பட்டப்படிப்பு. இடம் கொடுத்துவிட்டார்கள். விண்ணப்பம் போட்டது, மொழித் தேர்வு எழுதியது, காது கேளாதவர் என்று சான்று காட்டி அந்தத் தேர்வில் பேசும் பகுதிக்கும் கேட்கும் பகுதிக்கும் விலக்கு வாங்கியது, எல்லாம் அவனே. எங்களிடம் மூச்சு விடவில்லை. நான் வாயில் ஈ புகுந்தது தெரியாமல் நின்றேன். என் மனைவி அவன் கன்னத்தைப் பிடித்துக் கொஞ்சினாள், ஆகா என்றாள், பக்கத்து வீட்டுக்கும் கேட்கிற மாதிரி சந்தோஷப்பட்டாள். பிறகு சமையலறைக்குப் போய், குழாயைத் திறந்துவிட்டு, சத்தம் வராமல் அழுதாள். அது எனக்குத் தெரியும். வேறு யாருக்கும் தெரியாது என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

இடம் கிடைத்தால் போதாதாம். அதற்குப் பிறகு அந்தப் பல்கலைக்கழகம் சேர்க்கை உறுதிக் கடிதம் என்று ஒன்று தர வேண்டும். அது கையில் இருந்தால்தான் விசா அலுவலகத்தில் முகம் கொடுத்துப் பேசுவார்கள். மச்சான் கேட்டதையெல்லாம் அனுப்பினான். பாஸ்போர்ட், வங்கிச் சான்று, மதிப்பெண் பட்டியல், நெஞ்சு எக்ஸ்ரேகூட. வகுப்பு தொடங்கும் நாள் நெருங்கிக்கொண்டே இருந்தது, கடிதம் வரவில்லை. இந்தப் பருவத்தை விட்டால் இடமும் போகும்.

அப்போதுதான் அக்கா களத்தில் குதித்தாள்.

அவள் ஆஸ்பத்திரி ஒன்றில் இன்சூரன்ஸ் பிரிவில் இருக்கிறாள். தர மாட்டேன் என்கிறவர்களிடம் ஃபோனிலேயே பேசிப் பேசித் தர வைப்பதுதான் அவள் உத்தியோகம். அந்தப் பல்கலைக்கழகத்தின் வெளிநாட்டு மாணவர் பிரிவுக்கு எண்ணைப் போட்டாள். காலையில் எழுந்ததும் போட்டாள், மதிய இடைவேளையில் போட்டாள். அவன் ஏன் இந்தப் படிப்பைத் தேர்ந்தெடுத்தான், படித்து முடித்து என்ன செய்வான், எங்கே தங்குவான், எல்லாக் கேள்விக்கும் அவளே பதில் சொன்னாள். "எல்லாம் சொல்லியாச்சு. நாளைக்கு வந்துடும் பாருங்க" என்று என்னிடம் சொல்லிக்கொண்டு வேலைக்குப் போனாள்.

வந்தது கடிதம் இல்லை, மின்னஞ்சல். மச்சானுக்கு வந்திருந்தது. உங்கள் சார்பில் ஒரு பெண் எங்களுடன் பலமுறை பேசியிருக்கிறார். உங்களிடமிருந்து நேரில் ஒரு சொல்லும் நாங்கள் கேட்டதில்லை. இந்தப் படிப்பைத் தேர்ந்தெடுத்தது நீங்கள்தானா என்று உறுதியாகத் தெரிய வேண்டும். ஆகவே வீடியோ நேர்காணல். அறையில் நீங்கள் மட்டும் இருக்க வேண்டும். திருப்தி ஏற்படாவிட்டால் உறுதிக் கடிதம் தர இயலாது.

அவள் படித்துவிட்டுப் பேயறைந்தவள் போல உட்கார்ந்தாள். பிறகு கோபம் வந்தது. "காது கேக்காத புள்ளய தனியா உக்காந்து பேசிக் காட்டுன்னு சொல்றாங்களே, இவங்களுக்கெல்லாம் நெஞ்சுல ஈரம் இருக்கா? இருங்க, இப்பவே கேக்குறேன்" என்று ஃபோனை எடுத்தாள்.

மச்சான் எழுந்து வந்து அந்த ஃபோனை அவள் கையிலிருந்து வாங்கி மேசைமேல் குப்புற வைத்தான். அவளிடம் அவன் அப்படிச் செய்து நான் பார்த்ததே இல்லை. அவளும் பார்த்ததில்லை என்பது அவள் முகத்தில் தெரிந்தது. அவனே உட்கார்ந்து பதில் எழுதினான். எனக்குக் காது கேட்காது, தனியாகத்தான் வருவேன், சைகை தெரிந்த ஒருவர் உங்கள் பக்கம் இருந்தால் போதும். சரி என்று பதில் வந்தது. ஆனால் அவர்களிடம் இருப்பவருக்குத் தெரிந்தது அவர்கள் நாட்டுச் சைகை மொழி. மொழிகள் வேறுபடுவது போல கைகளின் மொழியும் நாட்டுக்கு நாடு வேறாம். எனக்கு அன்றுதான் தெரியும்.

நேர்காணல் அன்று மதியம் என் மனைவி அலுவலகத்துக்கு விடுப்புப் போட்டாள், நானும் போட்டேன். பீரோவுக்குப் பின்னால் ஒளிந்துகொள்ளலாமா என்று நிஜமாகவே கேட்டாள். "நீ ஒளியலாம், உன் வாய் ஒளியாதே" என்றேன். மச்சான் இஸ்திரி போட்ட சட்டையில் வந்து எங்கள் இருவரையும் தோளைப் பிடித்து வெளியே தள்ளிக் கதவைச் சாத்தினான். உள்ளே வேறு யாரும் இல்லை என்று அறையைச் சுற்றிக் கேமராவில் காட்டினான் போலிருக்கிறது, நாற்காலி நகர்ந்தது. அப்புறம் ஒன்றுமே இல்லை.

மற்ற வீடுகளில் கதவில் காதை வைத்தால் ஏதாவது கேட்கும். இங்கே என்ன கேட்பது? என் மனைவி சுவிட்சில் கையை வைத்துக்கொண்டு நின்றாள். "தடுமாறுவான்க. ஒரே ஒரு தரம் போட்டு வெளிய கூப்பிட்டுக் கேக்கட்டுமா?" அவள் கையை எடுத்து என் கைக்குள் வைத்துக்கொண்டேன்.

கதவுக்கு மேலே காற்றுக்காக விட்ட கண்ணாடிச் சட்டம் ஒன்று உண்டு. அறைக்குள்தானே யாரும் இருக்கக் கூடாது, அறைக்கு மேலே இருக்கலாம் என்று எனக்கு நானே சட்டம் சொல்லிக்கொண்டு ஸ்டூலைப் போட்டு ஏறினேன்.

மேசை பக்கச் சுவரை ஒட்டி இருந்ததால் அவனும் திரையும் எனக்குத் தெரிந்தன. திரையின் ஒரு பாதியில் இளம் அதிகாரி ஒருவர். மறு பாதியில் கறுப்புச் சட்டை போட்ட, நரைத்த தலையுள்ள அம்மாள். அவருக்கும் காது கேட்காது என்று பிறகு மச்சான் எழுதிக் காட்டினான். அதிகாரியின் கேள்வி எழுத்தாகத் திரையின் கீழே வரும். மச்சான் கையால் சொல்வதை அந்த அம்மாள் பார்த்துத் தட்டச்சு செய்ய, அதிகாரி படித்துக்கொள்வார்.

முதலில் சிக்கியது. அவன் ஒன்று காட்ட, அந்த அம்மாள் புருவத்தைச் சுருக்கி, புரியவில்லை என்று தலையாட்டினார். வேறு விதமாகக் காட்டினான். அதுவும் இல்லை. அவன் லேபிலிருந்து கொண்டுவந்து மேசையில் வைத்திருந்த ஒரு பிளாஸ்டர் தாடையை எடுத்து, அதில் ஒரு பல்லைத் தொட்டு, தன் கைச் சொல்லைக் காட்டினான். அந்த அம்மாள் தன் பல்லைத் தொட்டு, தன் கைச் சொல்லைக் காட்டினார். அவன் அதை வாங்கிக்கொண்டான். மெழுகு, சூடு, வார்ப்பு, பொருத்தம் என்று ஒவ்வொன்றாகக் கொடுத்தான், ஒவ்வொன்றாக வாங்கினான். கொஞ்ச நேரத்தில் இருவருக்கும் பொதுவாக ஒரு பாஷை அங்கேயே, என் கண்ணெதிரே முளைத்துவிட்டது. பிறகு அவன் கைகள் ஓடிய ஓட்டம் இருக்கிறதே! தோள் பேசியது, புருவம் பேசியது. எதையோ சொல்லி அந்த அம்மாளை விழுந்து விழுந்து சிரிக்க வைத்தான்.

நான் அவனை அதிகம் பேசாத ஆள் என்று நினைத்திருந்தேன். எங்களிடம் அவன் பேசியது சாப்பாடு, காய்ச்சல், பைக், தூக்கம், எப்போது வருவாய். எங்களுக்குத் தெரிந்த சைகை அவ்வளவுதானே. குழந்தையிடம் பேசுவது போல எங்களுக்கு ஏற்ற மாதிரி சுருக்கிச் சுருக்கி இத்தனை வருஷம் பேசியிருக்கிறான். ஞாயிற்றுக்கிழமைதோறும் பூங்கா வாசலில் தன்னைப் போலவே காது கேளாத சிநேகிதர்களோடு கூட்டமாக நின்றுவிட்டு வருவான். வெட்டியாக நிற்கிறான் என்று நினைத்திருந்தோம். இவ்வளவும் அங்கேதான் நடந்திருக்கிறது. ஒரே கூரைக்குக் கீழே ஒரு கடல் இருந்திருக்கிறது, நான் குடத்தை மட்டும் பார்த்திருக்கிறேன்.

மனைவி என் வேட்டி நுனியைக் கீழேயிருந்து இழுத்தாள். "என்னங்க, என்ன பேசுறான்? சொல்லுங்களேன்!"

"எனக்கு எப்படித் தெரியும்? நீ ஏறிப் பாரு."

ஏறினாள். நான் ஸ்டூலைப் பிடித்துக்கொண்டேன். வாயை மூடிக்கொண்டு இவ்வளவு நேரம் அவள் நின்று நான் பார்த்ததில்லை. அவள் விரல்கள் தாமாகவே அவனைப் பின்பற்றப் பார்த்தன, முடியாமல் நின்றன.

"எனக்கே தெரியாத கையெல்லாம் அவனுக்கு வருதுங்க" என்றாள் மெதுவாக. பிறகு திரையில் வந்த எழுத்தைப் படித்தாள். "எங்களுக்கு ஃபோன் செய்த பெண் யார்னு கேக்குறாங்க. ஐயோ, போச்சு."

உள்ளே என்ன நடந்தது என்று எனக்குத் தெரியவில்லை. அவள் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். கண்கள் அகலமாயின. அப்படியே இறங்கி, சுவரோரம் தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

"கதவைக் காட்டினான். சுவிட்ச் போடுற மாதிரி காட்டினான். அப்புறம் தலைக்கு மேல கையை மூடி, இப்படித் திறந்தான்." அவளும் மூடிய விரல்களைத் தலைக்கு மேலே விரித்தாள். மேலிருந்து வெளிச்சம் கொட்டுவது போல இருந்தது. "நான்தாங்க அது. அவன் சிநேகிதங்க என்னைப் பார்த்தா இப்படித்தான் காட்டிக்குவாங்க. லைட்டப் பத்தி ஏதோ பேசுறாங்கன்னு இத்தனை நாளா நெனச்சேன். என் பேருங்க அது."

அதற்கு மேல் அவள் ஸ்டூலில் ஏறவில்லை. என்னையும் ஏற விடவில்லை.

சில நாள் போனது. அவள் யாருக்கும் ஃபோன் செய்யவில்லை. எடுத்து எடுத்து வைத்தாள், ஆனால் செய்யவில்லை. ஒரு மாலை, அவள் பாத்திரம் துலக்கிக்கொண்டிருந்தாள், நான் துடைத்துக்கொண்டிருந்தேன். சமையலறை விளக்கு அணைந்து எரிந்தது. மறுபடி அணைந்து எரிந்தது. மின்சாரத்தைத் திட்ட வாயெடுத்துத் திரும்பினேன். மச்சான் வாசற்படியில் சுவிட்சில் விரலை வைத்து நின்றான். மறு கையில் செல்ஃபோன். திரையில் பல்கலைக்கழக முத்திரை, அவன் பெயர், உறுதிக் கடிதம்.

அவள் ஈரக் கையை நீட்டினாள், படித்துச் சொல்வதற்காக. பாதியில் நிறுத்திக்கொண்டாள். நீயே சொல்லு என்று அவனைக் காட்டினாள்.

அவன் சொன்னான். சுருக்காமல், தன் பெரிய கைகளால் முழுசாகச் சொன்னான். அவள் நிறுத்தச் சொல்லிக் கேட்டாள், அவன் திரும்ப மெதுவாகச் சொன்னான். எல்லாம் முடிந்த பிறகு அவள் தன்னைத் தொட்டுக் காட்டி, என்னைப் பற்றி வேறு என்ன கேட்டார்கள் என்று கேட்டாள். அக்கா சொல்லித்தான் விண்ணப்பம் போட்டாயா என்று கேட்டார்களாம்.

"நீ என்ன சொன்ன?" என்று வாயாலும் கையாலும் கேட்டாள்.

அவன் செல்ஃபோனை என்னிடம் கொடுத்தான். அவனுக்கு இரண்டு கைகளும் வேண்டியிருந்தன. வலது கையை ஃபோன் பேசுவது போலக் காதில் வைத்தான். அதே நேரத்தில் இடது கைச் சுட்டுவிரலைக் கண்ணிலிருந்து கன்னத்தின் வழியே கீழே இழுத்தான். இரண்டும் எங்கள் வீட்டுச் சைகைதான், எனக்கே புரிந்தது. நான் போவது பிடிக்காமல் அழுதுகொண்டே, எனக்காகப் பேசினாள் என்கிறான்.

வாயால் சொன்னால் ஒன்றுக்குப் பின் ஒன்றாகத்தான் சொல்ல முடியும். அவன் இரண்டையும் சேர்த்துச் சொல்லிவிட்டான். குழாயைத் திறந்துவிட்டு அழுதால் காது கேட்கிறவனைத்தான் ஏமாற்றலாம்.

என் மனைவி ஈரக் கையைத் தலைக்கு மேலே தூக்கி, மூடி, மெல்லத் திறந்து தன் பெயரைச் சொல்லிப் பார்த்தாள். விரல் சரியாக விரியவில்லை. அவன் கிட்டே வந்து, அந்த விரல்களைப் பிடித்துத் திருத்தினான்.