அந்தச் சிவப்பு நான்தான்

மகளுக்குத் தொய்வு, அதாவது ஆஸ்துமா. குளிர்காலத்தில் எங்கள் மல்கிரேவ் புறநகர் முழுக்க விறகு ஹீட்டர் புகை. அவளோ சனிக்கிழமை தவறாமல் நெட்போல் விளையாட வேண்டும் என்கிறாள். பொறுப்பான தகப்பன் என்ன செய்வான்? காற்றுத் தூசியை அளக்கும் கருவியொன்றை வாங்கிக் கராஜ் சுவரில் பூட்டினேன். போனில் அது பச்சை காட்டினால் விளையாட்டு, சிவப்பு என்றால் வீடு. வீட்டுச் சட்டம் அவ்வளவுதான்.

கிழமை முழுவதும் பச்சை. சனி காலை மட்டும் சிவப்பு. மூன்று சனி இப்படியே போயிற்று. அரசாங்கத்தின் காற்றுத்தரப் பக்கமோ எல்லாம் நலம் என்றது. எங்கோ தூரத்தில் நிற்கும் அவர்களுடைய கருவிக்கு எங்கள் தெருவைப் பற்றி என்ன தெரியும்? காரமாக ஒரு மின்னஞ்சல் போட்டேன். கருத்துக்கு நன்றி என்று பதில் வந்தது. அந்த நன்றியை நான் எங்கே கொண்டுபோய் வைப்பது?

மகள் சப்பாத்தைத் தூக்கி எறிந்தாள். "அடுத்த மட்ச்சுக்கும் வராட்டி கோச் வேற ஆளைப் போடுவா, அப்பா!"

குற்றவாளி யாரென்று எனக்குத் தெரியும்: பக்கத்து வீட்டுப் புகைபோக்கி. அங்கிருப்பவர் ஓய்வுபெற்ற தமிழ்நாட்டுக்காரர். நான்காம் சனி, போன் சிவந்ததும் கையைத் துடைத்துக்கொண்டு போய்க் கதவைத் தட்டினேன்.

"அங்கிள், கோவிக்காதேங்கோ. சனிக்கிழமையில மட்டும் உங்கட ஹீட்டரை நிப்பாட்டுவீங்களோ?"

"ஹீட்டரா? வந்து பாருங்க." விறகு எரிய வேண்டிய இடத்தில் சாமி படங்கள் வரிசையாக நின்றன. "இதுல நெருப்பு வச்சா முதல்ல பிள்ளையார்தான் தம்பி எரிவாரு. ஆமா, உங்க கருவி எங்க இருக்கு?"

"கராஜ் சுவரில."

"நீங்க சனிக்கிழமை சனிக்கிழமை மீன் பொரிக்கிற கராஜா?"

வீடு மணக்கும் என்று மனைவி என்னையும் எண்ணெய்த் தாச்சியையும் கராஜுக்குத் துரத்தி வருடங்களாகிறது. எங்கள் ஆட்கள் பலர் வீட்டில் இதுதான் வழக்கம். பொரிக்கும் தாச்சிக்கு நேர்மேலே கருவியைப் பூட்டியவன் மட்டும் நான் ஒருவன்தான்.

ஓடினேன். "வெளிக்கிடு பிள்ளை!"

"ரெட் எண்டால் போகேலாதெல்லோ?"

"அந்தச் சிவப்பு நான்தான். சப்பாத்தைப் போடு."

போய்ச் சேர்ந்தபோது பாதி ஆட்டம் முடிந்திருந்தது. கோச் என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு, கடைசிக் கால்மணி நேரத்துக்கு மகளை இறக்கினார். தோற்றார்கள். திரும்பும்போது காரில் மகள் முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டாள். மூச்சு மட்டும் சீராகத்தான் வந்தது.