மூடிய ஜன்னலுக்குப் போட்ட கணக்கு

வாடும் தேயிலைக்குப் பழுக்காத ஆப்பிளின் வாசனை உண்டு. குன்னூர்ப் பக்கம், வெள்ளைக்காரர் காலத்தில் கட்டிய ஓர் எஸ்டேட் ஃபேக்டரியின் மாடியில்தான் அதை முதலில் முகர்ந்தேன். கொழுந்தைப் பரப்பி வாட வைக்கும் மாடி அது.

அப்போது எனக்கு இருபத்து நான்கு வயது... சிவில் முடித்து இரண்டு வருடம். மாடியின் கிழக்குச் சுவர் உளுத்துப்போன மரம். அதை எடுத்துவிட்டு, பெருக்கல் குறி போலக் குறுக்குக் கம்பி கொடுத்த இரும்புச் சட்டங்களை நிறுத்தித் தகரம் அடிக்க வேண்டும். காற்று அவற்றை எவ்வளவு தள்ளும் என்று பார்ப்பது என் வேலை. கால்குலேட்டரும் பென்சிலுமாக மூன்று நாள்.

கணக்கை முடித்து நோட்டைப் புரட்டிக்கொண்டிருந்தபோது, மாடியின் பொறுப்பில் இருந்த வேலுசாமி அண்ணா எட்டிப் பார்த்தார்.

"ஏனுங்க அம்மணி, ஆடிக் காத்தையே நோட்டுக்குள்ள புடிச்சுப் போட்டீங்களாட்ட இருக்குது?"

"ஆமாங்கண்ணா, ஓடிப் போயிராம கோடு போட்டு அடைச்சிருக்கேன்."

சிரித்தார். பிறகு சொன்னார்: "மேக்கால ஜன்னலு பூராத்தையும் தொறந்துதானுங்க வெப்போம். காத்து உள்ள வந்தாத்தானுங்க எலை வாடும்."

என் கணக்கு, எல்லா ஜன்னலும் மூடியிருப்பதாக வைத்துப் போட்டது. மேற்கே திறந்தால் காற்று உள்ளே புகுந்து கிழக்குச் சுவரை வெளியே தள்ளும். வெளியே சுழலும் காற்று அதே சுவரைப் பிடித்து இழுக்கும். கல்லூரியில் படித்ததுதான். ஆனால் வரைபடம் ஏற்கெனவே சட்டங்கள் செய்யும் பட்டறைக்குப் போயிருந்தது...

தலையாட்டிவிட்டு நோட்டை மூடினேன்.

அடுத்த ஆடியில் புதுச் சுவரின் இரண்டு சட்டங்கள் தகரத்தோடு பிய்த்துக்கொண்டு சரிவில் விழுந்தன. சாப்பாட்டு நேரம். யாருக்கும் அடியில்லை.

விசாரணை வைத்தார்கள். "ஜன்னல் மூடியிருக்கும்னுதான் சார் டிசைன் பண்ணினேன்" என்றேன். பொய் இல்லை.

மேனேஜர் தொழிலாளர்கள் பக்கம் திரும்பினார். "யாருய்யா தொறந்தது?"

"நாந்தானுங்க."

வேலுசாமி அண்ணா என்னைப் பார்த்தார். எல்லாவற்றையும் சொல்லிவிடுவார் என்று காத்திருந்தேன்.

"அம்மணி படிச்சவங்க... அவிய கணக்கு சரியாத்தானுங்க இருக்கும்."

அவர் வேலை போனது. எஸ்டேட் கொடுத்திருந்த லைன் வீட்டையும் காலி செய்யச் சொன்னார்கள். சேரம்பாடிப் பக்கம் போனதாகக் கேள்வி... நான் விசாரிக்கவில்லை.

இப்போது அந்த மூன்று நாள் வேலையைக் கம்ப்யூட்டர் நொடியில் முடிக்கிறது. கணக்கைக் கொண்டு வரும் பிள்ளைகளிடம், அங்கே வேலை செய்பவர்களைக் கேட்டீர்களா என்கிறேன். "மேடம் ரொம்ப கேர்ஃபுல்" என்கிறார்கள். நான் மறுப்பதில்லை.

"இவர் முன்னாடியே எங்கிட்ட சொன்னார் சார்." அன்று அந்த அறையில் சொல்ல வேண்டியிருந்தது இவ்வளவுதான்.

இருபத்தைந்து வருடம் கழித்து, உங்களிடம் சொல்கிறேன்.