சாம்பிராணிப் புகைக்குள் அம்மா

கண்காட்சிக்கு அனுப்பப்படும் ஓவியங்கள், கண்காட்சி முடிந்த முப்பது நாட்களுக்குள், அனுப்பியவரிடம் கையெழுத்துப் பெற்றுக்கொண்டு திருப்பித் தரப்பட வேண்டும். அரசு அலுவலகத்தில் ஆயுளைக் கழித்தவன் சொல்கிறேன், இதைவிடத் தெளிவான விதியை நான் படித்ததில்லை.

அப்பா திருமயத்தில் ஓவிய ஆசிரியர். வீட்டுப் பெண்கள் துணி தைப்பதையும் பிள்ளை குளிப்பாட்டுவதையும் பிரெஞ்சு ஓவியர்கள் கோடே போடாமல் வெறும் வெளிச்சத்தால் வரைந்திருந்த படங்களை ஏதோ புத்தகத்தில் பார்த்துவிட்டு, தானும் அப்படி வரையக் கிளம்பினார். அகப்பட்டவள் அம்மா. எனக்கு ஏழு வயது, தங்கை ஸ்டெல்லாவுக்கு ஆறு மாதம். தலைக்கு ஊற்றிய பிள்ளையை மடியில் கிடத்தி, ‘கங்குச் சட்டி’யில் சாம்பிராணி தூவி அம்மா முடி உலர்த்த, ஜன்னல் வெயில் அந்தப் புகையில் விழுந்து நீலமும் மஞ்சளுமாகக் கலைந்துகொண்டிருந்ததை அப்பா அப்படியே தாளில் இறக்கினார்.

“மூக்கு எங்கங்க? முழியவும் காணோம்!” என்றாள் அம்மா.

“கிட்டக்க நின்னா தெரியாது. அங்கிட்டுப் போயி கண்ணச் சுருக்கிப் பாரு.”

“எம் மூஞ்சியப் பாக்க ஊரே அங்கிட்டுப் போயி நிக்கணுமாக்கும்!”

சொல்லிவிட்டு, போய் நின்று வெகுநேரம் பார்த்தாள்.

படம் புதுக்கோட்டையில் நடந்த அரசுக் கண்காட்சிக்குப் போனது. அந்த மழைக்காலத்திலேயே அம்மா விஷக்காய்ச்சலில் இறந்தாள். கல்யாணப் புகைப்படத்தை ஏற்கெனவே கரையான் தின்றிருந்ததால், அம்மாவுக்கென்று மிஞ்சிய ஒரே உருவம் அரசாங்கத்தின் பொறுப்பில் இருந்தது. அப்பா மாதாமாதம் பஸ் ஏறினார். “தேடிக்கிட்டிருக்கோம் சார், அடுத்த மாசம் வாங்க” என்றார்கள், மரியாதைக்குக் குறைவில்லை. அப்பா ஓய்வு பெற்றார், பிறகு இறந்தும் போனார்.

“அண்ணே, அம்மா எப்புடிண்ணே இருப்பாங்க?” என்று ஸ்டெல்லா கேட்பாள்.

“ஒன்ன மாதிரித்தான்” என்பேன். உண்மையில், நினைத்துப் பார்த்தால் எனக்கும் புகைதான் வருகிறது.

ஓய்வுக்குப் பின் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் மனுப் போட்டேன். பிறகு முதல் மேல்முறையீடு, இரண்டாம் மேல்முறையீடு. கடைசியில் ஒரு பக்க நகல் வந்தது. கண்காட்சி முடிந்த அதே வாரத்தில் எழுதப்பட்ட குறிப்பு: ‘புகை படிந்து, ஈரம் பட்டு, முகம் அழிந்த நிலையில் உள்ள படம். உபயோகமற்றது. எரிக்கப்பட்டது.’ இரண்டு சாட்சிகள், முத்திரை, எல்லாம் முறைப்படி. அப்பா பஸ் ஏறிய ஒவ்வொரு மாதமும் அது சாம்பலாகத்தான் இருந்திருக்கிறது. அந்த நாற்காலியில் நான் உட்கார்ந்திருந்தாலும் அப்படித்தான் எழுதியிருப்பேன்.

ஸ்டெல்லா இன்றும் வாரம் தவறாமல் போனில் கேட்கிறாள். “பதில் இன்னும் வரலம்மா” என்கிறேன். வந்தது நவம்பர் மூன்றாம் தேதி, கல்லறைத் திருநாளுக்கு மறுநாள்.