கத்தினாலும் கிழியாத மைக்

குருசுக்குப்பத்துக் கதைகளை வீட்டிலேயே பேசிப் பதிந்து பாட்காஸ்டாகப் போட முடிவு செய்தேன். முத்தியால்பேட்டைக் கடையில் ஒரு மைக்கை நீட்டினார்கள். ஹெட்போனை மாட்டிக்கொண்டு ஊதினேன். ‘உஃப்’ என்ற சத்தம் என்னைக் கடற்கரை மாசி மகக் கூட்டத்துக்கு இழுத்துப் போனது.

சின்ன வயதில் அங்கே தொலைந்துவிட்டேன். பந்தலில் ஒருவர் மைக்கில் என் பெயரை மெதுவாகச் சொன்னாராம். அலைச் சத்தத்தில் எனக்குக் கேட்கவில்லை. அம்மா மைக்கைப் பிடுங்கினாள். கடலிலிருக்கும் படகைக் கூப்பிடுகிற குரலில் கத்தினாள்.

“அடியே செல்வீ!”

குழாய் ஸ்பீக்கர் கரகரத்தது. பிறகு நடந்த பேச்சும் அதிலேயே கேட்டது.

“யக்கா, மைக்கு கிழிஞ்சிடும். மெதுவாப் பேசு.”

“கிழியட்டும்டா. எம்பொண்ணு வரட்டும்.”

கூட்டம் சிரித்தது. அந்தக் குரல் வந்த பக்கமே ஓடி அம்மாவிடம் சேர்ந்தேன்.

இப்போது கடையிலும் அதே பேச்சு. “மெதுவாப் பேசுங்கக்கா. இது மூச்சு விட்டாலும் எடுக்கும், விலையும் அதான் அதிகம்” என்றார் கடைக்காரர்.

“எனக்கு மெதுவாப் பேச வராது. கத்துனாலும் கிழியாதது எது?”

மேடையில் பாடுகிறவர்கள் வாயோரம் பிடிக்கிற மாதிரி ஒன்றை எடுத்தார். விலை பாதிதான்.

“அடியே செல்வீ!” என்று கத்தினேன். தெருவில் போனவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். ஹெட்போனில் குரல் கிழியவில்லை.

அதையே கட்டித் தரச் சொன்னேன்.